ஃப்ரிட்ஜுக்கு ஒரு பங்கு

வண்ணார்பேட்டையில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு மாடி வீட்டை எடுத்தபோது, வாடகையை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. மூன்று பேர், மூன்று பங்கு. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அதுவரை நான் ஏரலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு, திரும்பும் பஸ்ஸிலும் நின்றுகொண்டே போவேன். வீட்டுப் படியில் உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போகக்கூடக் கால் வராது. அந்த பஸ்ஸிலிருந்து தப்பித்தால் போதும் என்று ஒரு துணிப்பையும் ஒரு பாயுமாக வந்து சேர்ந்தேன்.

மற்ற இருவரும் அப்படி வரவில்லை. ஒருத்தி தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி, இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. இன்னொருவர் அம்பாசமுத்திரத்து டீச்சர், எங்களைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டோம். அவரோடு கட்டிலும் வாஷிங் மெஷினும் கேஸ் அடுப்பும் வந்தன. வீட்டில் இருந்தது ஒரே ஓர் அறை. அந்த அறையைக் கட்டிலும் அவர்கள் இருவருமாக எடுத்துக்கொண்டார்கள். நான் கூடத்தில் பாயை விரித்தேன். ஃப்ரிட்ஜுக்கும் கூடத்தில்தான் இடம் கிடைத்தது.

முதல் மாச வாடகை கொடுப்பதற்கு முன்னால் நர்ஸ்காரி பேச்சை எடுத்தாள்.

“எங்கூர்ல வள்ளம் கரைக்கு வந்தா மீனு வித்த காசை எப்படிப் பிரிப்பாவ தெரியுமா? வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, எஞ்சினுக்குப் பங்கு. பொருள் கொண்டு வந்தவனுக்கு அந்தப் பங்கு போவும். அதுதாம்ட்டி நியாயம். இங்கனயும் அப்படியே வச்சிக்கிடுவோம்.”

அதன்படி ஃப்ரிட்ஜுக்கு ஒரு பங்கு, மெஷினுக்கு ஒரு பங்கு, அடுப்புக்கும் கட்டிலுக்கும் சேர்த்து இன்னொன்று. பங்கு உள்ளவர்களுக்கு வாடகையில் அவ்வளவு கழிவு. கழித்ததெல்லாம் எங்கே போகும்? ஒன்றும் கொண்டுவராதவள் தலையில்தான் வந்து விழுந்தது. மொத்த வாடகையில் பாதிக்கும் மேலே எனக்கு. அக்கா கணக்கு டீச்சர் வேறு. விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “சரியாத்தாம் வருது” என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் கடையில் ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து மலைமலையாகச் சேலையை விரித்து, மறுபடி மடித்து, கை தோளிலிருந்து கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே படுத்துவிட்டேன்.

அந்த ஃப்ரிட்ஜ் என் தலைமாட்டில் நின்று முனகிக்கொண்டே இருக்கும். சற்று ஓயும், நான் கண்ணயர்ந்ததும் ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். எனக்கு எரிச்சலாக இருந்தது. நானும் கூடத்தில், அதுவும் கூடத்தில். எனக்கு வாடகை ஏறுகிறது, அதனால் இன்னொருத்திக்கு வாடகை இறங்குகிறது. அதற்கு உள்ள மரியாதை எனக்கு இல்லை. ஊருக்கு அனுப்பும் பணம் மாசா மாசம் தேய்ந்தது. அம்மா போனில் ஒன்றும் கேட்க மாட்டாள், அதுதான் இன்னும் கஷ்டம். இப்படியே போனால் மறுபடியும் ஏரல் பஸ்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. எங்கள் வீட்டு போரில் வருவதோ உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியும் முன்னே, கீழே வாசல் குழாயில் வரும். முதலில் காற்றுதான் புஸ்ஸென்று ஊதும். கூடத்தில் கிடப்பவளுக்குத்தானே அந்தச் சத்தம் கேட்கும்? எழுந்துபோய்க் குடம் குடமாகப் பிடித்து, படியேறி வந்து டிரம்மை நிரப்புவேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் செய்தாயா என்று கேட்டதும் இல்லை.

ஒருநாள் விடியலில் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். இரவு டூட்டி முடிந்து வந்த நர்ஸ்காரி டீ போடப் போய், காலி டிரம்மைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏட்டி, தண்ணி பிடிக்கலையா?”

“என் பங்குக்கு ஒரு கொடம் பிடிச்சிட்டேன்.”

“என்னட்டி இப்படிப் பேசுத?”

“ஃப்ரிட்ஜுகிட்டக் கேளு. அதுக்குத்தான பங்கு இருக்கு? படி எறங்கிப் போயி அது பிடிச்சிட்டு வரட்டும்.”

அக்கா தலையை முடிந்துகொண்டே அறையிலிருந்து வந்தார். என்னால் நிறுத்த முடியவில்லை. “வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, எஞ்சினுக்குப் பங்கு, எல்லாம் சரி. வலை இழுக்கவனுக்குப் பங்கு உண்டா, கிடையாதா? அவன் என்ன கடலுக்கு வேடிக்கை பாக்கவா போறான்?” என்று கத்தினேன்.

அவள் யூனிபார்மோடு அப்படியே ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உண்டு. எங்கப்பாவுக்கு அந்தப் பங்கு மட்டுந்தாம். வள்ளமும் கிடையாது, வலையும் கிடையாது. எங்க வீட்ல சொந்தம்னு ஒருத்தரு வாங்குன மொதப் பொருளு இந்த ஃப்ரிட்ஜுதாம். இன்னும் தவணை முடியல” என்றாள்.

என் கோபம் இறங்கிவிட்டது. இறங்கியது எனக்கே பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கத்துவதற்கு மிச்சம் வைத்திருந்தேன். அடுத்தவர் வலையை இழுத்தவரின் மகள், எல்லாவற்றுக்கும் பங்கு வைத்துவிட்டு ஆளை விட்டுவிட்டாள். என் அப்பா அடுத்தவர் வயலை வாரத்துக்கு எடுத்து, விளைச்சலில் ஒரு பங்குக்கு உழுதவர். நாளைக்கு எனக்கென்று ஒரு மிக்ஸி வந்தால் நானும் அதற்குப் பங்கு கேட்பேனோ என்னவோ.

அக்கா மறுபடி விரலை மடக்கினார். தண்ணீருக்கு ஒரு பங்கு வைத்தார்கள். என் வாடகை மற்றவர்களுடையதை ஒட்டி வந்தது, ஊருக்கு முன்போலப் பணம் அனுப்ப முடிந்தது.

ஆனால் ஒன்று. அதுவரை மனமிருந்து எழுந்தவள், இப்போது எழுந்தே ஆக வேண்டும். “நாளைக்குத் தண்ணி நாளுல்லா?” என்று அக்கா முந்தின நாளே ஞாபகப்படுத்தத் தொடங்கினார். நியாயம் கிடைத்ததும் எனக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. குழாய் ஊதும் சத்தம் கேட்டும் என்னால் எழ முடியவில்லை. ஒரு தடவை தவறினால் பங்கு போய்விடும், பங்கு போனால் பஸ் என்றுதான் மனதில் ஓடியது. சுவரைப் பிடித்து எழுந்து நின்றேன். யாரோ தோளை அழுத்தி என்னைப் பாயில் உட்கார வைத்தார்கள். நர்ஸ்காரிதான். குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் அவள் ஏறுவதும் இறங்குவதும் கேட்டுக்கொண்டே கிடந்தேன். டிரம் நிறைந்ததும் ஈரக் கையோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என் பங்குல கழிச்சிருவீங்களாட்டி?” என்று கேட்டேன். கேட்டது எனக்கே கேவலமாக இருந்தது.

“கிறுக்கி. எங்கூர்ல காச்சல்ல கெடக்கவனுக்கும் பங்கு எடுத்து வச்சிட்டுத்தாம் மத்தவன் எடுப்பான். அவன் வீட்ல அடுப்பு எரியாண்டாமா?”

எனக்கு அழுகை முட்டியது. காய்ச்சலுக்கு நடுவிலும் கோபம் ஒரு பக்கம் தலையைத் தூக்கியது. “அந்தப் பங்கையும் மொத நாளே சொல்லிருக்கலாம்லா?” என்றேன்.

அவள் போர்வையை என் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

“அன்னைக்கு என் கண்ணுல ஃப்ரிட்ஜு மட்டுந்தாம்ட்டி தெரிஞ்சுது” என்றாள்.

கண்ணை மூடினேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு, தண்ணீர் நாளில் வெயில் ஏறும் வரை நான் தூங்கியது அன்றுதான்.