அமுதவள்ளி ஓட்டாத ட்ரோன்

மலேசியாவின் கேரி தீவில், எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ட்ரோன் ஓட்டி மருந்தடித்த ஒரே பெண் அமுதவள்ளி. பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி உரிமம் வாங்கினவள். விதிகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நானூறு அடிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆட்கள் தலைக்கு மேல் ஓட்டக் கூடாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது.

கணவன் கிஷன் கிள்ளானில் வங்கி அதிகாரி. நண்பர்களிடம் பேசும்போது, "என் வைஃப் பொம்மை ஓட்டறா லா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

கிஷனின் அண்ணன் யுகேந்திரன் சுபாங் விமான நிலையத்துப் பக்கம் புது வீடு வாங்கிக் குடிபுகுந்தான். மாடியில் நின்றால் விமானம் சக்கரத்தை இறக்குவது தெரியும். அந்த விருந்துக்கு வேலை முடிந்து நேராக வந்ததால், அமுதவள்ளியின் காரில் மரங்களைப் படமெடுக்க அவள் வைத்திருந்த சொந்தச் சின்ன ட்ரோனின் பெட்டி இருந்தது. யுகேந்திரன் அதைப் பார்த்துவிட்டான்.

"ரெண்டே நிமிஷம். வீட்டை மேலேர்ந்து ஒரு வீடியோ எடும்மா."

"இங்க முடியாது. ஏர்போர்ட் ரொம்பக் கிட்ட. சட்டப்படி குத்தம்."

"சட்டம் பேசறா பாரு, மருந்தடிக்கிறவ" என்றான் அவன். கூடம் சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது கிஷன்தான்.

அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமியார் தங்கமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் வெளியே பழக்கமான இரைச்சல் கேட்டது. சோப்புக் கையோடு ஓடினாள். கார் சாவி கிஷனிடம் இருந்தது; கட்டுப்படுத்தும் கருவியும் அவன் கையில்தான்.

"இறக்குங்க! ஐயோ, இறக்குங்க!"

இறங்க வந்த விமானம் ஒன்று இறங்காமலே மேலே ஏறிப் போனது. அதன் பிறகுதான் அவன் ட்ரோனைக் கீழே கொண்டுவந்தான்.

அரை மணியில் போலீஸ் வந்தது. யாருடையது என்று மலாயில் கேட்டார்கள். கிஷன் யோசிக்கவேயில்லை. அவளைக் காட்டினான்.

"லைசென்ஸ் வச்சிருக்கறது அவதான். எனக்கு ஓட்டவே தெரியாது."

அமுதவள்ளி மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, நான் உங்க பக்கத்துலதானே இருந்தேன்? சொல்லுங்க அத்தை."

தங்கமணி முந்தானையில் கையைத் துடைத்தார். "நான் வெங்காயத்தப் பாத்தேனா, உன்னைப் பாத்தேனா?"

விருந்துக்கு வந்த பதினோரு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ட்ரோனைப் போலீஸிடம் ஒப்படைத்து, வாக்குமூலம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் கிஷன் சட்டைப் பையிலிருந்து நகத்தளவு மெமரி கார்டை எடுத்துக் காட்டினான். ட்ரோன் கிளம்பும்போதே அதில் பதிவாகியிருந்தது, கருவியைப் பிடித்திருக்கும் அவன் முகம்.

"எப்போ கழட்டுனீங்க?"

"இறக்குன உடனே." இரண்டாக ஒடித்துக் கண்ணாடி வழியே வீசினான். "என் வேலை போனா என்னாகும்னு யோசி. உனக்கென்ன, செம்பனைக்கு மருந்தடிக்கிற வேலைதானே?"

முதலில் உரிமம் முடக்கப்பட்டது. மறுவாரமே தோட்ட நிர்வாகம் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டது. தான் ஓட்டவில்லை என்று நீதிமன்றத்தில் மூன்று முறை சொன்னாள். ட்ரோன் அவள் பேரில் பதிவாகியிருந்தது. அவளுக்காகப் பேச ஒரு சாட்சிகூட வரவில்லை. குற்றவாளி என்றார்கள். கணவன் வீட்டார் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

வெளியே வந்ததும் கிஷன் காரைத் திறந்துவிட்டான். "அண்ணன் கேக்கறாரு, அந்த ட்ரோனைப் போலீஸ் திருப்பித் தருவாங்களான்னு."

அமுதவள்ளி ஏறவில்லை. சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அவன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். பின் சீட்டில் இருந்த தங்கமணி, "பசிக்குதுடா" என்றார். கார் கிளம்பியது.