அப்பா அழுத காடு

இரண்டு வாரமாகச் சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஃபேர்லேண்ட்ஸில் வீடு. அகலமான தெரு, நல்ல காற்று, காலையில் எனக்கென்று ஒரு வேலையும் கிடையாது. நேற்று பக்கத்து மனையில் கட்டடம் எழுப்புவதற்காக ஒரு வேப்பமரத்தை வெட்ட வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் கோடரியைக் கீழே வைத்தார். மரத்தடியில் கற்பூரம் கொளுத்தி, பட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வெட்ட ஆரம்பித்தார். கற்பூரப் புகையும் பச்சை மரத்தின் வாடையும் சேர்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. மகள் காபி கொண்டுவந்து வைத்ததே எனக்குத் தெரியவில்லை. ஆறிப்போனதைக் குடித்தேன்.

அந்த இரண்டு வாடையும் சேர்ந்தால் எனக்கு அப்பா வந்துவிடுவார்.

நான் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். தாத்தா காலத்தில் மழை பொய்த்துப்போய், ஆள் சேர்க்க வந்த கங்காணி பின்னால் கப்பலேறிய குடும்பம் எங்களுடையது. ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் ஆளைக் குறைத்தார்கள். கப்பல் சீட்டைக் கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்றார்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் அப்பாவின் பூர்வீக ஊருக்கு வந்து சேர்ந்தோம். பங்காளிகள் பாசமாகத்தான் வரவேற்றார்கள். நிலத்தில் பங்கு என்ற பேச்சை அப்பா எடுத்ததும் பாசம் குறைந்துவிட்டது. அப்பா கூலிக்குப் போனார். எங்கள் குடிசைக்கு ஊரில் ‘பினாங்குக்காரர் ஊடு’ என்று பெயர். பினாங்கை நாங்கள் கப்பலிலிருந்து பார்த்ததோடு சரி.

என் பேச்சில் மலாய் வார்த்தைகள் நடுநடுவே வந்து விழும். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். அன்றைக்கு வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டவன்தான், இன்றுவரை பெரிதாகத் திறக்கவில்லை. மருமகன் என்னை ரொம்ப ஆழமான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால், அப்பாவுக்கு அந்த மலாயாக் காட்டின் நினைவு வந்துவிடும். தோட்டம் போடுவதற்கு முன்னால் அந்தக் காட்டை அழித்த ஆட்களில் அவரும் ஒருவர். நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரங்கள். முதல் மரத்துக்குக் கற்பூரம் காட்டி, கோவிச்சுக்காதே என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கோடரியை ஓங்குவார்களாம். மரம் சாயும்போது குரங்குகள் ஊளையிட்டபடி ஓடுமாம். மழை பெய்ததும் ஆறு செம்மண்ணாக ஓடுமாம். “அத்தன காடும் போச்சு சாமி. இந்தக் கையாலதான் போச்சு” என்பார் என்னிடம். கண் நிறைந்துவிடும். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொள்வார். சோறாக்கிக்கொண்டிருக்கும் அம்மா மட்டும் திரும்பிப் பார்க்காமல் அடுப்பை ஊதுவாள்.

அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் நான் பாரஸ்ட் கார்டு ஆனேன். எட்டாவது படித்திருந்தேன், நடக்கக் கால் இருந்தது, அது போதும் என்றார்கள். காக்கிச் சட்டை எனக்கு இரண்டு சுற்றுப் பெரிது. முதன்முதலில் நான் பிடித்த குற்றவாளி ஒரு விறகுக்காரம்மா. என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே பொறுமை இழந்து, “ஏனுங்க கார்டு, புடிக்கறதுன்னா புடிங்க, இல்லீன்னா சுமையக் கொஞ்சம் தூக்கி உடுங்க, பொழுது போவுது” என்றார். தூக்கிவிட்டேன். ஆனால் பச்சை மரத்தில் கோடரி விழும் சத்தம் கேட்டால் மட்டும் எனக்குக் கூச்சம் போய்விடும். எங்கிருந்தாலும் ஓடுவேன்.

லீவு நாட்களில் அப்பா என்னோடு காட்டுக்கு வருவார். என் வாழ்நாளில் நான் வாயாடியாக இருந்தது அந்த நடைகளில்தான். இது வேங்கை, இது உசிலை, கரடி வரும் தடம் இது என்று ஓயாமல் பேசிக்கொண்டே போவேன். கடைசியில் அவரை ஊற்றுப்பள்ளத்துக்குக் கூட்டிப்போவேன். மலையடிவாரத்தில் அது ஒரு சின்னப் பள்ளம். வெளுத்த உடம்போடு நீர்மருதுகள் சூழ்ந்து நிற்கும். நடுவில், மணலைப் புரட்டிக்கொண்டு ஊற்று பொங்கும். சித்திரை வெயிலிலும் அங்கே மண் ஈரமாக இருக்கும். அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். கோடையில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கும், மழையில் எதுவரை ஏறும் என்றெல்லாம் கேட்பார். நான் சந்தோஷமாகச் சொல்வேன். அங்கே தொலைத்த காட்டை இங்கே தேடுகிறார் என்று நினைத்தேன்.

யுத்தம் வந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. காட்டோரத்து நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்கச் சர்க்கார் கொடுக்கப்போகிறதாம், இடத்தைக் காட்டி மனுப்போட வேண்டுமாம் என்று பேசிக்கொண்டார்கள். காட்டோரம் என்றால் ஏதாவது பொட்டலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலை ரேஞ்சர் என்னை ஊற்றுப்பள்ளத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். ரேஞ்சரோடு தாலுகா ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். அளக்கிற சங்கிலி தரையில் கிடந்தது. அவர்களுக்கு முன்னால் வெள்ளைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் அப்பா.

சித்திரையிலும் இங்கே ஈரம் காயாது, ஊற்று எந்தக் கோடையிலும் நிற்காது, மருதின் வேர் ஓடும் வரை நல்ல மண் என்று ஆபீசருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னது. என்னைப் பார்த்ததும், “என்ற பையன்தானுங்க. அவனையே கேட்டுப் பாருங்க” என்றார், பெருமையாக.

ஆபீசர் என்னைக் கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையாட்டினேன் என்று எழுதிக்கொண்டார்கள். ஆட்டினேனா என்று எனக்கே நினைவில்லை. ரேஞ்சரைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சினேன். மனுக் கொடுத்தது உன் அப்பா, ஊட்டில் பேசிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

பேசினேன். அவருக்கு எதிராக நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு நாள்தான்.

“மலாயாக் காட்டுக்காக அத்தன நாள் அழுதீங்களேப்பா.”

அப்பாவுக்கு நான் சொல்வது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“மரத்துக்கா அழுவாங்க சாமி? அத்தன காட்ட வெட்டியும் நமக்குன்னு ஒரு கைப்புடி மண்ணு இல்லாமப் போச்சே, அதுக்கு அழுதேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே விளங்கியது. அவர் என்னை ஏமாற்றவில்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

முதல் மருதுக்கு அப்பாவே கற்பூரம் காட்டினார். பட்டையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் எதிர்க்கரையில் காக்கிச் சட்டையோடு நின்றேன். அனுமதி பெற்று வெட்டுகிறார்கள். வெட்டுகிற மரத்தை எண்ணிச் சொல்வது அன்றைக்கு என் வேலை.

இரண்டு மூன்று போகம் கடலை நன்றாக விளைந்தது. நிலமுள்ள முதலாளியைக் கூப்பிடுவதுபோல, ஊர் அவரைப் பண்ணாடி என்று கூப்பிடத் தொடங்கியது. அந்தச் சொல்லைக் கேட்கும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நானும் பார்த்தேன். பிறகு ஊற்று சுருங்கியது. ஒரு பங்குனியில் மணல் புரள்வது நின்றது. அப்பா கிணறு தோண்டினார். பாறைதான் வந்தது.

அன்று நான் சுற்று முடிந்து திரும்பும்போது வழியில் காத்திருந்தார். இளைத்திருந்தார்.

“வேற ஈரமான எடம் எங்கியாச்சும் இருக்குதா சாமி? உனக்குக் காடு பூராம் தெரியுமே.”

எனக்கு ஓர் இடம் தெரியும்.

“இல்லீங்கப்பா” என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் மறைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “செரி, ஊட்டுக்குப் போலாம் வா” என்று முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு காட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மருதுகள் போயின, ஊற்று போயிற்று, கடலைக்காடும் கரடாகிப் போயிற்று, அப்பாவும் போய்விட்டார். வேலையில் புதிதாகச் சேரும் பையன்கள், நீங்கள் எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்பதுண்டு. எங்கப்பா காட்டுக்காக அழுவாருங்க தம்பி, அதைப் பார்த்து வந்தேன் என்பேன். அப்படி ஒரு மனிதர் இருந்ததில்லை என்று அவர்களுக்குச் சொன்னதில்லை. போன எல்லாவற்றையும் விட என் மனசு அந்த இல்லாத மனிதரைத்தான் தேடுகிறது.