திருப்புளிக்குக் கேட்காத சத்தம்

அவரைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பகலில் லிஃப்ட் மெக்கானிக். மற்ற நேரமெல்லாம், ராக் கச்சேரிகளில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று யாரோ ஒளித்துப் பதிவு செய்த பழைய கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றிச் சுத்தம் செய்வார். காலணா வரும்படி கிடையாது. இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் அங்கங்கே கொஞ்சம் பேர் இருந்தார்கள். கேசட்டைத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள், இணையத்தில் கூடிச் சண்டை போடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அபூர்வம்.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு பொடி ஸ்க்ரூ. ஓடுகிற டேப்பைத் தொட்டுச் சத்தத்தை வாங்கும் உலோகத் துண்டுக்கு ஹெட் என்று பெயர். அதன் பக்கத்தில் அந்த ஸ்க்ரூ இருக்கும். பதிவு செய்த கருவியில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு இந்த ஹெட்டையும் திருகிக் கொண்டுவர வேண்டும். மயிரிழை பிசகினாலும், உச்ச ஸ்தாயியில் வரும் மேல் சத்தமெல்லாம் செத்துவிடும். டிரம்ஸோடு அடிக்கும் சிம்பல் சிலுசிலுக்காது, கைதட்டல் ஈரத்துணியை அடிப்பது போல இருக்கும். மற்றவர்கள் இதற்கு மீட்டர் வைத்திருந்தார்கள். இவர் காதை நம்பினார்.

"மீட்டர் கடையில வாங்கினது. காது கூடப் பொறந்தது" என்பார்.

வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அவர் படுத்தார், மற்றதில் டேப்புகள் படுத்தன. கேசட் ஓடும்போது ஃபேன் ஓடக்கூடாது. ஃப்ரிட்ஜின் மோட்டார் எழுந்தால் பதிவில் 'டிக்' என்று ஒரு புள்ளி விழும் என்று அதையும் அணைத்துவிடுவார். மறுபடி போட மறந்துவிடுவார். பால் திரிந்த கணக்கு அவர் மனைவிக்குத்தான் தெரியும். மகள் வேறு வீடு பார்த்துப் போனபோது மனைவியும் பெட்டியைக் கட்டினாள். "இந்த வீட்ல வாய் இருக்கறது எனக்கு ஒருத்திக்குத்தான். அதையும் மூடுன்னா எப்படி?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லியிருக்கலாம். அப்போது ஒரு டேப் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பிசிறில்லாத அமைதி. பதிவுக்கு அதைவிட நல்ல வீடு அமையாது. பேச்சுத் துணை இணையத்துக் கூட்டம்தான். யாராவது "திருப்புளி அண்ணே, பின்னிட்டீங்க" என்று எழுதினால் அன்றைக்குச் சோறு ஒரு கை கூடுதலாக இறங்கும்.

அப்படியிருக்கும்போது நர்ஸம்மாவின் கேசட் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில், தோள்பையில் பேண்டேஜ் சுருள்களுக்கு அடியில் ரெக்கார்டரை மறைத்துக்கொண்டு போய் ஒரு கச்சேரியை முழுசாகப் பிடித்தவர். அந்தக் குழு அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. அப்படி ஒரு டேப் இருப்பதாகப் பல வருஷமாக வதந்தி. கூட்டத்தில் ஆளாளுக்குக் கேட்டும் கொடுக்காத அம்மாள், கடைசியில் திருப்புளிக்கு அனுப்பினார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: ஒரு டேப்புக்கு ஒரு கை. ஒருவர் கையில் கொடுத்ததைத் திரும்ப வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்தால், முதல் ஆளின் கதை முடிந்தது. அப்புறம் அவருக்கு யாரும் எதையும் அனுப்ப மாட்டார்கள்.

திருப்புளி லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஸ்க்ரூவைத் திருகினார், கேட்டார், மறுபடி திருகினார். டேப் மங்கலாகத்தான் இருந்தது. பழசு, அப்படித்தான் இருக்கும் என்று கணினியில் மேல் சத்தத்தைத் தூக்கினார். போதவில்லை. இன்னும் தூக்கினார். சிம்பல் கேட்டதும் மனசு குளிர்ந்து அனுப்பிவைத்தார்.

நர்ஸம்மா போன் செய்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பாம்பு சீறுற மாதிரி இருக்கு."

"டேப் இரைச்சல்மா அது. பழசில்லையா?"

"பழசுன்னா நானும்தான் பழசு. நான் சீறுறேனா? பாட்டுக்காரன் 'ச'ன்னு சொன்னா ஊசி ஏத்துன மாதிரி இருக்கு. நானே ஆயிரம் பேருக்கு ஏத்தினவ, எனக்கே வலிக்குது." பிறகு சொன்னார்: "இன்னொரு தரம் பாருங்க. சரியா வரலேன்னா, வேற கைக்குக் குடுத்துடறேன். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை, பயம் வந்தது. மறுநாள் வேலையில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தார். கூட இருந்த எலக்ட்ரீஷியன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"அண்ணே! அந்தக் கதவை மூடித் தொலைங்க. எவ்வளவு நேரமா பஸ்ஸர் அடிக்குது!"

"எந்த பஸ்ஸர்?"

எலக்ட்ரீஷியன் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

காது மிஷின் விற்கும் கடையில் பரிசோதனை இலவசம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் கடையிலிருந்த பெண்.

"சத்தம் வந்தா அமுக்குங்க சார்."

"வரட்டும், அமுக்கறேன்."

"வந்துட்டுப் போயிடுச்சு சார்."

இளவயதில் முன்வரிசையில் நின்று கேட்ட கச்சேரிகளும் லிஃப்ட் மோட்டார் அறைகளும் சேர்ந்து மேல் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தன. தேய்ந்தது டேப் என்று அவர் நினைத்திருந்தார். கேட்காத காதை வைத்து ஸ்க்ரூவைத் தப்பாகத் திருகி, மங்கிப்போன சத்தத்தைக் கணினியில் ஏற்றி ஏற்றி, கொஞ்ச வருஷமாக ஊருக்கெல்லாம் ஊசி போட்டிருக்கிறார். மீட்டர் வாங்கலாம். ஆனால் ஸ்க்ரூவுக்குத்தான் மீட்டர். சுத்தம் செய்யும்போது எது இரைச்சல், எது மூச்சு என்று பிரிக்க நல்ல காது வேண்டும். அவருக்குத் தெரிந்த நல்ல காது ஒன்றுதான், மகளுடையது. அவள் சின்னவளாக இருந்தபோது அதனிடம் 'உஷ்' என்பதைத் தவிர அவர் அதிகம் பேசியதில்லை.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவர் கூப்பிட்டிருந்ததால், இரண்டு வகுப்புக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். வந்ததும் ஃபேனை அவளே அணைத்தாள். ஃப்ரிட்ஜ் சுவிட்சையும் அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"பழக்க தோஷம்."

"ஹெட்போனைப் போட்டுக்கோம்மா. நான் திருகறேன். சிம்பல் எப்ப நல்லா தெளியுதோ அப்ப சொல்லு."

"சிம்பல்னா எதுப்பா? தட்டு மாதிரி இருக்குமே, அதுவா?"

"அதேதான்."

அவர் ஹெட்போனே போட்டுக்கொள்ளவில்லை. திருப்புளியை ஸ்க்ரூவில் பொருத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெஃப்ட்ல போ. மெல்ல. மெல்லன்னா மெல்ல! அங்க யாரும் துரத்தல. இன்னும் கொஞ்சம்... தாண்டிட்டே. ரிவர்ஸ் எடு."

"எவ்வளவு?"

"கிளட்ச்சை விடற மாதிரி. ஹாங்... ஹாங்... நில்லு!"

அவள் கண்கள் விரிந்தன. "அய்யோ! அப்பா, கதவைத் தெறந்து விட்ட மாதிரி இருக்கு. யாரோ விசிலடிக்கறான். இவ்வளவு பேரா நிக்கறாங்க?"

கையை அப்படியே வைத்திருந்தார். விரலுக்குத் தெரிந்தது, கால் சுற்றுகூட இல்லை. டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டார்கள். முடியும்வரை இருவரும் பேசவில்லை. இந்தத் தடவை அந்த அமைதி யார்மீதும் திணிக்கப்பட்டதாக இல்லை. பிறகு கணினியில் அவர் குமிழ்களை நகர்த்த, அவள் "குத்துது", "போதும்", "இப்ப அந்த ஆளு பாவம், மூச்சு விடறது போயிடுச்சு, திருப்பிக் குடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஆசைப்பட்டு ஒரு தடவை மேல் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கினார்.

"யோவ் அப்பா! கையை எடு."

எடுத்துவிட்டார். அடுத்த வகுப்புக்கு ஆள் காத்திருப்பதாக அவள் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அம்மா கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு."

"அவ அதைக் கேக்க மாட்டா. சாப்பிடறாரான்னுதான் கேப்பா."

அவள் போன பிறகு அவர் ஹெட்போனைப் போட்டுக் கேட்டார். போர்வையை மூடிக்கொண்டு யாரோ பாடுவது போலிருந்தது. தன் காதை நம்பிச் செய்த வேலை இப்படி வந்திருந்தால் அவர் வெளியே விட்டிருக்க மாட்டார். விரல் குமிழுக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. பிறகு எழுந்து, எதையும் தொடாமல் அப்படியே அனுப்பினார்.

நர்ஸம்மா மறுநாள் கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது.

"தம்பி, என் பக்கத்துல நின்னவ கைவளை சத்தம்கூடக் கேக்குதே! சின்னச் சின்னதா, கண்ணாடி மாதிரி. கேட்டீங்களா?"

"அது என் காதுக்கு எட்டலைம்மா. திருகினது நான். கேட்டது என் பொண்ணு."

தன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்.

"என்கிட்ட இன்னும் ஒரு பை நெறைய இருக்கு" என்றார் நர்ஸம்மா. "பொண்ணு வருவாளா?"

"கேட்டுச் சொல்றேன்."

கேட்பதற்கு அன்று முழுக்க ஆயிற்று அவருக்கு. சாயங்காலம் அழைத்தார். மகள் எடுத்ததும், "கிளாஸ்ல இருக்கேன்பா, லைன்லயே இரு" என்று சொல்லி போனை எங்கோ வைத்தாள். அவர் காத்திருந்தார். யாரோ கியரை நரநரவென்று மாற்றினார்கள். "பயப்படாதீங்க மேடம், வண்டி கடிக்காது" என்று அவள் சிரித்தாள். போனில் மேல் சத்தம் வருவதே இல்லை, யாருக்கும் வராது. அதனால் அதில் எவ்வளவு வருமோ அவ்வளவும் அவருக்குக் கேட்டது. ஹாரன், பிரேக், அவள் குரல். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போகாமல் உட்கார்ந்திருந்தார்.