வாய் திறக்காமல் செருப்பு விற்ற கதை

இந்தத் திண்டுக்கல்லில் எனக்கு இன்னும் பிடிபடாத ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் வருவார். மாட்டைப் பற்றிப் பேசுவார், கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார், காப்பியையும் குடித்துவிட்டு, "சரி, அப்ப நான் வாரேன்" என்று எழுந்தும் விடுவார். வாசலில் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்த பிறகுதான், "அப்புறம், ஒரு விசயம்..." என்று ஆரம்பிப்பார். வந்ததே அதற்காகத்தான். ரங்கூனில் என்றால் வந்த காரியத்தை நுழையும்போதே கேட்டு முடித்திருப்பார்கள்.

கப்பலில் கூட வந்து, இன்று திக்குக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் அப்பா வடமதுரையிலிருந்து பர்மாவுக்குப் போனவர். அதனால் இது எனக்குச் சொந்த ஊராம். அங்கே பிறந்து வளர்ந்தும் பர்மியருக்கு நான் 'கலா', அதாவது அந்நியன். சொந்த ஊரில் என் பெயர் பர்மாக்காரன். ஒரு தோல் மண்டியில் பாயிடம் கணக்கு எழுதுகிறேன். அந்தச் சம்பளம் மாதக் கடைசியைக் கண்ணால் பார்த்ததில்லை. எனவே நானும் என் மனைவி பாக்கியமும் மாலை வேளைகளில், ரங்கூனில் செய்த அதே தொழிலைச் சின்ன அளவில் தொடங்கினோம். 'கத்திபா பனட்' நினைவிருக்கிறதா, தோல் அடியும் வெல்வெட் வாரும் வைத்த செருப்பு? மண்டியில் கழித்துப் போடும் துண்டுகளை வாங்கி வந்து நான் அடி வெட்டுவேன். அவள் தையல் மிஷினில் வார் தைப்பாள்.

வெல்வெட் எங்களிடம் கொஞ்சம்தான் இருந்தது. கப்பலேறும்போது சோதனை போட்டவர்கள் பாக்கியத்தின் வளையல்களைக் கழற்றிக்கொண்டார்கள். சாமிப் படத்தைச் சுற்றியிருந்த சிவப்பு வெல்வெட்டைக் கந்தல் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அவள் அங்கே கடையில் சரக்கு பரப்பி வைத்த துணி அது. சுருட்டுப் புகைக்கும் பர்மியப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவர்களைவிட உரக்கக் கூவி விற்றவள் என் மனைவி. இங்கே வந்த புதிதில், "பொம்பளைக்கு இம்புட்டுச் சத்தமா?" என்று சந்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றோடு அவள் வாய் மூடிக்கொண்டது. "ஆம்பளை நீங்களே நாலு பேர்ட்டச் சொல்லுங்க" என்று விற்கும் பொறுப்பை என்னிடம் விட்டாள். பாவம், அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

முதலில் பாயிடமே சொல்லிப் பார்ப்போம் என்று போனேன். இந்த ஊர் முறைப்படி மழை, மாடு, கிணறு எல்லாம் பேசியாயிற்று. எழுந்து வாசலுக்கும் வந்தேன். நாங்கள் செய்த புதுச் செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு, "அப்புறம் பாய்..." என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. அவர் கண்ணில் படட்டும் என்று காலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பாய் என் முகத்தையே பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, "கூச்சப்படாதீங்க பர்மாக்காரரே, சம்பளத்துல கழிச்சுக்கலாம்" என்று முன்பணத்தை என் கையில் திணித்தார். விற்கப் போனவன் கடன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. நான் எதற்குப் பேச வேண்டும்? விசேஷ வீட்டு வாசலில் கழற்றி வைத்தால் போதுமே, நூறு செருப்புக்கு நடுவில் சிவப்பு வெல்வெட் பளிச்சென்று தெரியாதா? வடமதுரையில் உறவுக்காரர் கல்யாணத்தில் அப்படியே வைத்தேன். பந்தியில் பெரியப்பா மகன் கேட்டார்: "ஏப்பு, மண்டியில கணக்குத்தான பாக்குற? தோலைக் கீலைத் தொடுறதில்லையே?" அவர் கேட்டதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். ரங்கூனில் யாரும் கேட்டிராத கேள்வி. "சேச்சே" என்றேன். வெளியே வந்தால் செருப்பைக் காணோம். எனக்கு அதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

அடுத்த ஜோடி கோயில் வாசலில் போயிற்று. மூன்றாவது ஒரு காதுகுத்தில் போயிற்று. வெறுங்காலோடு வீடு திரும்பும்போதெல்லாம், "இன்னைக்கும் வெளம்பரம் பண்ணிட்டு வந்தீங்களா?" என்பாள் பாக்கியம். மூன்றாம் முறை அவள் கேலி செய்யவில்லை. வெல்வெட் தீர்ந்து போயிருந்தது. "போதும்ங்க. தையல் மிஷினை வித்துருவோம். நமக்கு இந்த ஊர்ல யாவாரம் எழுதி வைக்கலை" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு என்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரமே அய்யலூர்ச் சந்தையின் ஆட்டு வியாபாரி ஒருவர் தோல் போட மண்டிக்கு வந்தார். ஆளைவிடப் பெரிய கால். அதில், என் அளவுக்கு வெட்டிய என் செருப்பு. வலது கால் வார் அறுந்து தொங்கியது. "பாய், இதத் தைக்க ஆள் இருக்கா?" என்றார். "நம்ம பர்மாக்காரர் வீட்டம்மா நல்லாத் தைப்பாங்க" என்று பாய் கையைக் காட்டினார். நான் என்ன செய்திருப்பேன் என்கிறீர்கள்? வாங்க என்று மரியாதையாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"பாத்துத் தைங்கம்மா. இது ரங்கூன் சரக்கு. எம் மச்சினன் கப்பல்ல கொண்டாந்தது. அசல்! இந்த ஊர்ல எவனுக்கு இப்பிடிச் செய்யத் தெரியும்?" என்றார் அவர்.

"ஆமாமா, அசல்தான்" என்றேன் நான்.

பாக்கியம் செருப்பைத் திருப்பித் தன் தையலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, ரங்கூனோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்த அந்தக் குரல் கிளம்பியது. "எந்த மச்சினன்ணே? இந்தா நிக்கிறாரே, இவரு வெட்டுனது. நான் தச்சது. இதே வீட்ல! காலு அளவு கொடுத்து வாங்கியிருந்தா ஏன் அறுந்து போகுது? காலை நீட்டுங்க, அளவெடுக்கிறேன்!" சந்து முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தோலைத் தொடுகிறவன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று முதலில் குன்றிப் போனேன். அப்புறம் எனக்கே வியப்பாக, மார்பு நிமிர்ந்தது. வியாபாரி, "அந்தப் பய என்கிட்டப் புளுகிட்டானா?" என்று இல்லாத மச்சினனைத் திட்டிக்கொண்டே காலை நீட்டினார்.

அறுந்த வாருக்குப் பதில், சின்னாளப்பட்டிப் பட்டு மிச்சத்தில் பச்சை வார் வைத்தாள். "ரெண்டையும் பச்சையா ஆக்கிருங்களேன்" என்றார் அவர். கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்கிற பாக்கியம், "அந்தச் செவப்பு கெடக்கட்டும்ணே. அந்தத் துணி இனிமே கெடைக்காது" என்றாள். அப்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. வியாபாரி தன் அளவுக்குப் புதிதாக ஒரு ஜோடி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சந்தை முடிந்ததும் அய்யலூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு காலுக்கு ஒரு நிறமாக வேண்டுமாம். அதுதான் ரங்கூன் பேஷனாம். நான் மறுக்க வாயெடுப்பதற்குள், "ஆமாண்ணே, அங்க எல்லாரும் அப்பிடித்தான் போடுவாக" என்றாள் பாக்கியம், அளவு நாடாவை எடுத்தபடியே.

இப்போது தொழில் ஓடுகிறது. மிஷின் வீட்டில்தான் இருக்கிறது. சந்தில் அவள் சத்தம் போட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த வியாபாரிக்குப் புது ஜோடி கொடுத்தாயிற்று, ஆனாலும் பழையதைத்தான் போட்டுக்கொண்டு அலைகிறார். மண்டிக்கு அவர் வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறேன். வலது காலில் சின்னாளப்பட்டி. இடது காலில், ஆட்டுப் புழுக்கையும் புழுதியும் ஒட்ட, ஓரம் வெளுத்துக்கொண்டே வருகிறது ரங்கூன்.