பதினேழாம் நம்பர் வண்டிக்கு வைத்த பொட்டு

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் ஏழரை மணி பஸ்ஸில் வேலைக்கு வருகிற உண்ணாமலைக்கு நாற்பத்தாறு வயது. வேங்கிக்கால் தாண்டி இருக்கும் பார்சல் குடோனில் மூன்று வருடமாக இருக்கிறாள். முன்பு பெண்கள் சரக்கு எடுக்க ரேக்கைத் தேடி நடந்தார்கள். இப்போது ரேக்கே அவர்களைத் தேடி வருகிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத இருபத்து நாலு வண்டிகள், டிரைவர் கிடையாது, ஆளுயர ரேக்குகளைச் சுமந்துகொண்டு கம்பிவலைக்குள் ஓடுகின்றன. முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி. குறுக்கே ஆள் வந்தால் அது பார்த்து வண்டியை நிறுத்தும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், எடைமெஷின் முதல் பிரிண்டர் வரை துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தது உண்ணாமலைதான். வண்டிகளுக்கு மேலே வைத்தால் ரேக் உரசி அழிந்துவிடும். கண்ணாடி நெற்றி மாதிரி தெரிந்தது. கண்ணாடியை எதுவும் மறைக்கக் கூடாதென்று டிரெயினிங்கில் சொன்னது அந்த அவசரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"பதினேழுக்குப் பெருசா வைங்கக்கா, அதுதான் ஜாஸ்தி ஓடுது" என்று பொரியை மென்றபடி சிரித்தாள் பக்கத்து மேஜை ரஹமத்துன்னிசா.

லீவு முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு ஷாம்பு டப்பா வலைக்குள் விழுந்தது. எடுக்க ரஹமத்துன்னிசா உள்ளே போனாள். வழக்கம்தான், வண்டிகள் நின்று வழிவிடும். அவள் குனிந்தாள். பின்னால் பதினேழு திரும்பியது. மற்றவை வேகம் குறைத்தன. அது குறைக்கவில்லை. கண்ணாடி முழுக்கச் சிவப்பு.

உண்ணாமலையின் மேஜையில் எல்லா வண்டிகளையும் நிறுத்தும் பட்டன் இருந்தது. போன மாதம் தேவையில்லாமல் அதை அமுக்கியதற்காக இன்னொரு மேஜை வெள்ளையம்மாளை இரண்டு நாள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயத்திலேயே இரண்டு நொடி போனது. பிறகு உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

குடோன் அடங்கியது. ரேக் ஆடி நின்றது. வண்டியின் விளிம்பு ரஹமத்துன்னிசாவின் குதிகாலைக் கிழித்திருந்தது.

சூப்பர்வைசர் சரவணகுமார் ஓடி வந்து வலைக்குள் நுழைந்தான். "பாத்துப் போக மாட்டீங்களா? நாளைலேர்ந்து வேலைக்கு வராதீங்க!"

"நின்னுடும்னுதான் சார் போனேன்" என்றாள் அவள், காலைப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு லாரி நிக்குது. உண்ணாமலைக்கா, இவங்கள வெளிய அனுப்புறேன். பட்டன திருகி விடுங்க, ஓடட்டும்."

திருகினால் எல்லாம் ஓடும். முந்தானையால் பதினேழைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். மகள் வினோதினி நர்சிங்கில் இரண்டாம் வருடம். மற்ற வண்டிகள்? அவற்றின் கண்ணாடியிலும் பொட்டு இருக்கிறதே.

"அவ மேல தப்பில்ல சார். கண்ணாடி மேல பொட்டு வெச்சது நானு."

சரவணகுமார் பதினேழைப் பார்த்தான். "இது மட்டுமா?"

"எல்லாத்துக்கும் வெச்சேன்."

"பெருசா வெச்சது எதெது?"

"ஞாபகம் இல்ல சார்."

அவன் சுற்றிலும் பார்த்தான். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு வண்டிகள், ரேக்குகளோடு நின்றிருந்தன. அவன் நெற்றி வேர்த்தது.

"அக்கா" என்றான், குரலைத் தாழ்த்தி. "நாங்க வெளிய வர்ற வரைக்கும் அந்தப் பட்டன்ல யாரையும் கை வெக்க விடாதீங்க."