என்னைத் தூக்க வரும் பிளேன்

எனக்கு அப்போது ஏழு மாதம். அந்த நிலையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி என்னை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனார் என் கணவர். சும்மா ஊர் சுற்றவா? இல்லை, என் வாயை அடைக்க.

வடக்கே, றோட்டே போகாத ஒரு ஊரில் அவருக்குக் கடை மனேச்சர் வேலை கிடைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுக் கடையை நடத்திவிட்டு, இங்கே நாலு வருடமாக ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவிய மனுசனுக்கு அது பெரிய விஷயம்தான். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "அங்க ஆஸ்பத்திரி இல்லை. எனக்கு ரத்தம் போனால் என்ன செய்வியள்?" என்று நான் ஒரு கிழமையாகக் கேட்டபடி இருந்தேன். "பிளேன் வரும்" என்பார். "பேய்க்கதை கதையாதேங்கோ" என்பேன். அதற்குப் பதில்தான் இந்த மியூசியம்.

பழைய விமானக் கொட்டகை அது. தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவந்த சிறிய விமானங்களை வைத்திருந்தார்கள். ஒன்றின் உள்ளே ஸ்ட்ரெச்சர், ஒக்சிசன் சிலிண்டர், ஒரு நேர்ஸ் ஒடுங்கி இருக்க மட்டும் இடம். சுற்றிக்காட்டிய வெள்ளைக்காரக் கிழவர் முன்னாள் விமானி. பிரசவத்துக்கு எத்தனையோ பெண்களை ஏற்றி வந்தாராம்.

"கேட்டீரோ?" என்றார் இவர், தானே ஓட்டியதுபோல.

நான் விடவில்லை. பனிப்புயல் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கிழவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். காத்திருக்க வேண்டியதுதான், சில நேரம் ஒரு நாள்கூட ஆகும் என்றார். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவரோ சுவரிலிருந்த படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

எங்களைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, இந்தச் சத்தம் கேட்டதும் ஊர்ச்சனம் எல்லாம் சந்தோசமாக ஓடி வருவார்கள் என்று சொல்லிக் கிழவர் ஒரு பொத்தானை அமுக்கினார்.

ஒலிபெருக்கியில் பிளேன் இரைச்சல் தூரத்தில் தொடங்கி, கிட்டவாகி, தலைக்கு மேலே வந்தது.

நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். அதற்குள் இவர் என் தோளைப் பிடித்து இழுத்துச் சிமெந்துத் தரையில் விழுத்திவிட்டார். "காதைப் பொத்தும்! வாயைத் திறவும்!" என்று கத்தியபடி முழங்கைகளை ஊன்றி என்மேல் கவிழ்ந்தார். ஊரில் பொம்மர் குண்டு போட வரும்போதெல்லாம் நாங்கள் செய்ததுதான். நானும் காதைப் பொத்தி வாயைத் திறந்தேனே, ஐயோ.

கிழவர் பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்தினார். இவர் எழும்பவில்லை. கண்ணை இறுக்க மூடியபடி, "போயிட்டுதோ?" என்றார்.

"ஓம், போயிட்டுது. எழும்புங்கோ."

இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. வயிற்றில் கை வைத்தேன். காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையவில்லை. கிழவர் அம்புலன்ஸுக்கு போன் பண்ண ஓடினார். "நானே விழுத்திப்போட்டன், நானே விழுத்திப்போட்டன்" என்று இவர் தலையிலடித்துக்கொண்டார். ஏசக்கூட எனக்கு வாய் வரவில்லை. "என்ர குஞ்செல்லே, ஒருக்கால் அசையன்" என்று வயிற்றைத் தடவியபடி அந்தப் பிளேனின் இறக்கைக்குக் கீழே கிடந்தேன்.

அம்புலன்ஸ் வாசலுக்கு வந்த நேரம்தான் இடப்பக்கம் ஒரு உதை விழுந்தது. அவருடைய கையை இழுத்து அங்கே வைத்தேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தபடி இருந்தவர், "நாளைக்கு போன் பண்ணி வேலை வேண்டாம் எண்டு சொல்லப்போறன்" என்றார்.

வென்றது நான்தானே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏன், பனிப்புயலுக்குப் பயமோ? பிளேன் வராது எண்டு இப்பதான் விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"பிளேன் வரும்" என்றார். "உம்மைத் தூக்கத்தான் வரும். சத்தம் கேட்டதும் நான் உம்மை ஒளிச்சு வைச்சிடுவன்."