அடக்கப் போய்த் தூண்டிவிட்ட புரதம்

மதுரை ஆய்வகத்திலிருந்து போன் வந்தபோது கரண்ட் இல்லை. 2008இல் தேனியில் அது தினப்படி நடப்பு. யு.பி.எஸ். கத்தலில், அங்கே எங்கள் டிசைன்களைச் சோதித்துப் பார்க்கும் செல்வி சொன்னது முதலில் விளங்கவில்லை.

"மேடம், நீங்க டிசைன் பண்ணுன புரோட்டீன செல்லுல போட்டோம். அடங்கல. போடாத செல்லவிட இதுதான் கொந்தளிக்குது. மூணு தடவ பாத்துட்டேன்."



நான் தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் விரிவுரையாளர். எனக்கு மேலே உத்தமபாளையத்துக் காதர் சார். நோய் எதிர்ப்பு செல்லின் மேல் ரிசெப்டர் என்கிற ஏற்பிகள் இருக்கும். மூட்டுவாதக்காரர்களுக்கு அவற்றின் வழியே ஓயாமல் சிக்னல் போய் மூட்டு வீங்கும். ஏற்பியில் உட்கார்ந்து அந்தச் சிக்னலை மறிக்கிற சிறு புரதத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்தோம். சாருக்கே மூட்டுவாதம். விரல் வளைந்து மவுஸ் பிடிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன்.

கடைசி டிசைனுக்கு, ஏற்பியில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று காட்டும் பைண்டிங் ஸ்கோர் பிரமாதமாக வந்தது. அனுப்புமுன் சார் கேட்டார்: "ஏம்மா, ஏற்பில ஒட்டுற முன்பக்கம் சரி. ரெண்டு புரோட்டீனோட பின்பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதான்னு பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

பார்க்கவில்லை. அதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் ரன் நான்கு நாள் ஓடும். நடுவில் கரண்ட் போய் நின்றால் முதலிலிருந்து போட வேண்டும். ஸ்கோரை நம்பிவிட்டேன்.

செல்வி சொன்னதைச் சாரிடம் சொன்னேன். "அங்கன எதையோ கலந்துட்டாக. நீதான் பாத்துட்டேல்ல" என்றவர், என் கண்ணெதிரே செல்வியின் மேலதிகாரிக்குப் போன் போட்டு, "ஒங்க புள்ளைய ஒழுங்காச் செய்யச் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றே அந்த ரன்னைப் போட்டேன். ஐந்தாம் நாள் காலை ஸ்க்ரீனைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு புரதங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. இந்த ஜோடி, தனித்தனியாக இருந்த ஏற்பிகளை இழுத்துச் சேர்த்துவிடும். அவை சேர்ந்தாலே செல்லுக்குச் சிக்னல்தான்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சார், நான் அன்னைக்குப் பாக்கல. பொய் சொல்லிட்டேன்."

ஸ்க்ரீனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, இது ஒரு ஆளு ஒடம்புல ஏறியிருந்தா?"



"மொதல்ல அந்தப் புள்ளைக்குப் போன் போடு. நீ சொல்லி முடி. பெறகு நானும் மன்னிப்புக் கேக்கணும்."

செல்வி கோபப்படவில்லை. "அஞ்சு நாளா எங் கையத்தான் சந்தேகப்பட்டேன் மேடம். மருந்து அளந்து விடுற பைப்பெட்டத் தொடவே பயமாருந்துச்சு. வேலைய விட்டுறலாம்னுகூட நெனச்சேன்" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

பின்பக்கத்தை மாற்றி அடுத்த டிசைன் செய்தோம். அது சிக்னலை மறித்தது, ஆனால் பலவீனமாக. மருந்தாகும் அளவுக்கு வரவில்லை.

டிசைனில் பிழை வரும், திருத்தலாம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால், பழி நாம் முகம்கூடப் பார்க்காத ஒருவர் தலையில் போய் விழுகிறது. இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.